இடப்பக்கம்

லாரி வழிவிடவில்லை.

உப்பு ஏற்றிய லாரி. வலப்பக்கத் தடத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் ஓரத்தில் சொட்டிய நீரைக் காற்று அள்ளிவந்து அவளுடைய கார்க் கண்ணாடியில் தெளித்தது.

ஹார்ன் அடித்துப் பார்த்தாள். விளக்கை மின்னவிட்டுப் பார்த்தாள்.

மெதுவாகப் போகிற வண்டி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். முந்துகிற வண்டி வலப்பக்கமாக முந்த வேண்டும். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று தடுமாறாமல் சொல்லியிருந்தாள். அருப்புக்கோட்டை சாலையில் அதெல்லாம் யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

பக்கத்தில் அண்ணன் ஜெபராஜ். மதுரையில் அவனுக்கு விமானம். துபாயில் புது வேலை. காரைத் தூத்துக்குடிக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவள் அவள்தான். "இப்பவே ஓட்டுட்டி, கை பழகட்டும்" என்று கிளம்பும்போதே சாவியைக் கொடுத்துவிட்டான்.

புருஷனை விட்டுவிட்டு அவள் வந்து நின்ற அன்று வீடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவன் ஒருவன்தான் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கினான்.

"அவ இங்கதான் இருப்பா."

அந்தச் சொல்லை நம்பித்தான் இத்தனை நாளும் சோறு இறங்கியது.

"எவ்வளவு நேரம்ட்டி இவன் பின்னாலயே போவ? லெப்ட்ல ஏறு."

"லெப்ட்ல கூடாதுண்ணே."

"எல்லாவனும் அப்படித்தான் போறான். நான் பாத்துக்கிடுதேன்."

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"காலியாக் கெடக்கு. ஏறு, ஏறு."

லாரியின் பின்விளக்குகள் சிவந்தன. வேகம் குறைந்தது. எதற்காக என்று அவள் யோசிக்கவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான்.

திருப்பினாள். மிதித்தாள்.

லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அதன் முகப்பைத் தாண்டும்போது, அங்கிருந்து ஒரு மொபெட் வெளியே வந்தது.

நடுத்தடுப்பின் இடைவெளி வழியாக அதில் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள் ஒரு பெண். அவளுக்காகத்தான் லாரி நின்றிருக்கிறது.

பிரேக்கை மிதித்த பிறகும் கார் போனது.

மொபெட் ஒரு பக்கம். அந்தப் பெண் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே அவள் கால் வேறெங்கோ திரும்பிக் கிடந்தது. அவள் கொண்டுவந்த மூட்டை பிரிந்து கொத்தமல்லி விதை சாலை முழுக்கச் சிதறியிருந்தது. மதிய வெயிலில் அதன் வாசம் குப்பென்று எழுந்தது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். லாரி டிரைவர் குதித்திறங்கி, அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டான்.

ரோந்து போலீஸ் வந்தது.

"யாரு ஓட்டுனது?"

அவள் கையை உயர்த்தினாள்.

"எதுக்கும்மா லெப்ட்ல ஏறுன?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். பழியை அவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

ஜெபராஜ் வந்தான். வந்து போலீஸ்காரரின் பக்கத்தில் நின்றான். பேன்ட்டில் ஒட்டியிருந்த மல்லியைத் தட்டிவிட்டான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். கேக்க மாட்டேன்னுட்டா."

போலீஸ்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ எப்பவுமே அப்படித்தான் சார். புருஷன் வீட்லயும் இதே பிடிவாதந்தான்…"

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இத்தனை நாளும் இவன் மனதில் இதுதான் இருந்ததா? வாசலில் பெட்டியை வாங்கிய அன்றும்?

விமானம் போய்விடும், வேலையும் போய்விடும் என்று அவன் கெஞ்சுவது கேட்டது. போன் நம்பரைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஓட்டியவள் இருக்கிறாளே.

டிக்கியைத் திறந்து சூட்கேஸை எடுத்தான். அதன் சக்கரங்கள் மல்லியை நொறுக்கிக்கொண்டு உருண்டன. மதுரைக்குப் போகிற ஒரு கார்க்காரர் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

ஏறும் முன் அவளிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ சமாளிச்சிருவ ஜெசிந்தா. போய் இறங்குனதும் போன் பண்ணுதேன்."

அந்தக் கார் வலப்பக்கத் தடத்துக்கு மாறி வேகமெடுத்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது, கூட யார் போவது என்று கேட்டார்கள். அந்தப் பெண் பக்கத்து ஊர்க்காரி. வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், இன்னும் யாரும் வந்து சேரவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் போறேன் சார்." ஜெசிந்தா லைசென்ஸை எடுத்துப் போலீஸ்காரரிடம் நீட்டினாள்.

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிய விட்டு எங்கயும் போயிராத. நாங்க வாரோம்."

கதவு மூடியது. சைரன் கத்தத் தொடங்கியது.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். நரைகலந்த முடியில் மல்லி விதைகள் சிக்கியிருந்தன. ஜெசிந்தா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நீ யாரு தாயி? எந்த ஊரு?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வழியில் போனவள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன்தான் ஏறச் சொன்னான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்க்கா இடிச்சேன். லெப்ட்ல வந்தது நான்தான்."

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வலியில் பல்லைக் கடித்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது.

மூச்சு சீரானதும் கேட்டாள்.

"ஒனக்கு எங்கயும் அடி படலையே?"