ஹெனிகன் படத்துக்கு மாலை

"யாருடா சொன்னது உன்கிட்ட, அவரு செத்துட்டாருன்னு?"

விருந்து ஹால் மேனேஜர் சுரேஷ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு ஐயப்பனைக் கேட்டார்.

துபாய் ஹோட்டல் ஒன்றின் ஹால் வாசல் அது. ஆளுயரப் படத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு மல்லிகை மாலை. நெற்றியில் சந்தனப் பொட்டு. ஹோட்டலுக்குள் விளக்கேற்றக் கூடாது என்பதால், கீழே ஒரு பேட்டரி மெழுகுவத்தி. எல்லாம் ஐயப்பன் கைங்கரியம்.

"இன்னிக்கு சீஃப் கெஸ்ட்டே அவருதான்டா. லிஃப்ட்ல ஏறிட்டாரு."

ஊரில் ஐயப்பன் மனைவி சந்தியா நிறைமாதம். பிரசவத்துக்கு லீவ் எழுதிக் கொடுத்திருந்தான். இந்த விஷயம் ஜெனரல் மேனேஜர் காதுக்குப் போனால் லீவ் என்ன லீவ், ஒரேயடியாக விசாவை கேன்சல் செய்து ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

அவன் செய்ததை முழு முட்டாள்தனம் என்றும் சொல்லிவிட முடியாது.

துபாயிலிருக்கும் அயர்லாந்துக்காரர்கள் சிலர் மாதாமாதம் அந்த ஹோட்டலில் கூடுவார்கள். நாலு வருஷமாக அவர்களுக்குக் காபி ஊற்றுகிறவன் ஐயப்பன். அவர்கள் நாட்டுப் பிரபலம் யார் பெயரை எடுத்தாலும் சண்டைதான். பாடகர் என்றால் பாதி மேஜை முகம் சுளிக்கும். கால்பந்து வீரர் என்றால் மீதி மேஜை. மந்திரி யாராவது வந்துவிட்டால் காபி ஆறியே போகும்.

அதிலும் கோர்மக் ஹெனிகன் என்ற ரேடியோக்காரர் பெயர் வந்தால் தொலைந்தது. முப்பது வருஷமாக மைக்கைப் பிடித்து ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வம்புக்கிழுத்த மனுஷன். போன வருஷம் அவர்களில் ஒருவரான மிஸ்டர் கில்டே அந்தப் பெயரைக் கேட்டதுமே நாப்கினை வீசிவிட்டு எழுந்து போனார்.

போன வாரம் அதே பெயர் வந்தது. ஒருத்தரும் சண்டை போடவில்லை. தங்கமான மனுஷன், அவரைப் போல் உண்டா என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கில்டேகூட கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஆர்டர் வந்தது: வாசலில் பெரிய படம், சுற்றிலும் வெள்ளைப் பூ.

ஐயப்பன் ஊரில், எதிர்க்கட்சிக்காரனும் சேர்ந்து புகழ்கிறான் என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவனுக்குப் பாவமாக இருந்தது. டூட்டி முடிந்ததும் மீனா பஜாருக்குப் போய்த் தானே மாலை வாங்கி வந்தான்.

"பார்த்துட்டு நிக்கிறியே, கழட்டுடா."

கழற்றப் போனான். அவசரத்தில் மாலையின் நார் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. அதற்குள் லிஃப்ட் திறந்தது.

ஹெனிகன் கைத்தடி ஊன்றி வந்தார். படத்தில் இருப்பவரில் பாதிதான் இருந்தார். பின்னால் கில்டேயோடு ஐம்பது பேர். படத்தின் முன்னால் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. மாலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார்.

"இது செத்தவங்களுக்குப் போடுறது இல்லையா?" என்றார் இங்கிலீஷில். "என்னைப் பார்த்துக்கிற நர்ஸ் கேரளாக்காரங்க. அவங்க அப்பா படத்துக்கு இப்படித்தான் போட்டிருக்காங்க."

சுரேஷ்குமார் வியர்த்து வழிந்தபடி மன்னிப்புக் கேட்டார். இந்த ஆளை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுகிறோம் என்றும் சொன்னார்.

ஹெனிகன் அவன் பக்கம் திரும்பினார். "நான் செத்துட்டேன்னு எதை வெச்சு நினைச்சே?"

பூக்கடைக்காரன் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பயத்தில் பொய்கூட வரவில்லை. அரைகுறை இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னான்.

"சார், முன்னாடியெல்லாம் உங்க பேரைச் சொன்னா இவங்க சண்டை போடுவாங்க. போன வாரம் யாருமே போடலை. எல்லாரும் நல்லவர், நல்லவர்னாங்க. அதான் சார்..."

ஐம்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஹெனிகன் மெல்லத் திரும்பினார். "அப்போ உங்களுக்கெல்லாம் தெரியும். கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லலையே."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

"ஏர்போர்ட்லேர்ந்து எல்லாரும் கட்டிப்பிடிக்கிறாங்க. பார்க்க நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. என் காலத்துல இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை. பயமா இருந்துச்சு." சுரேஷ்குமாரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பையனை அனுப்பாதீங்க. இந்த ஊர்ல என்கிட்ட உண்மையைச் சொன்னது இவன் ஒருத்தன்தான்."

சுரேஷ்குமார் தலையாட்டினார். ஐயப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கில்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"கோர்மக், முப்பது வருஷமும் உன் நிகழ்ச்சி சுத்தக் குப்பை," என்றார்.

ஹெனிகன் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. ஐயப்பன் தோளில் தட்டினார்.

"இப்ப மாலையைக் கழட்டிடு."