லெஸ்ஸின் கதிரை

1974இல், நான் குடியேறியிருந்த நார்த்மீட்டில் எங்கள் தெருமுனை பப்பை மூடி, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். நான் ஒரு கதிரை வாங்கினேன். முப்பது வருடமாக அதிலேயே உட்கார்ந்து குடித்த கிழவர் லெஸ், மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஊன்றுகோலோடு என் வாசலுக்கு வந்து அதை விலைக்குக் கேட்டார்.

நான் யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையில் வளர்ந்தவன். பழக்க தோசத்தில் வாய் முப்பது டொலர் என்றது. அவர் பத்துக்குக் கேட்பார், பன்னிரண்டுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

“ரைட்டோ, மேட்,” என்று பேரம் பேசாமல் விடைபெற்று லெஸ் நடந்தார். நான் கூப்பிடவில்லை. எங்கள் கடையில் எவரும் படி இறங்குமுன் திரும்பிவிடுவார்கள். லெஸ் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார்.

“அந்த மனுசனுக்குப் பேரம் தெரியுமேயப்பா? சும்மா குடுத்திருக்கலாம்,” என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

திங்கள் மாலை ஆறு மணிக்கு எங்கள் வாசலிலிருந்து ஊன்றுகோல் சத்தம் படலைப் பக்கம் போனது. ஆள் இல்லை. “இருபது!” என்றேன். மறுநாள் பத்து என்றேன்.

இரண்டு வருடமாகிறது. தினமும் கதிரையை வாசலில் எடுத்துவைத்து, “சும்மா கொண்டு போங்கோ, லெஸ்,” என்று கூப்பிடுகிறேன். சத்தம் படலையடியில் கொஞ்சம் நிற்கிறது. பிறகு படலை திறந்து மூடுகிறது.