சீரியல் கோர்ட்டில் கோமதி

அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகள் புகுந்த வீட்டில் தீயில் கருகிச் செத்த வழக்குக்காக அன்றும் கோர்ட்டுக்குப் போய்வந்த அடுத்த வீட்டுக் கோமதி, நான் உள்ளே நுழைந்தபோது சேலைகூட மாற்றாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் கோர்ட். நீதிபதி சுத்தியலை ஓங்கித் தட்டினார்.

"ஏட்டி, நெசக் கோர்ட்டுல சுத்தியலே கெடையாதாமே? எல்லாம் புளுகு" என்றேன், பெரிய வக்கீல் மாதிரி.

"புளுகுதான், யக்கா. அங்க ஜட்ஜு தலையவே நிமித்தல. நம்பரக் கூப்பிட்டாங்க, வக்கீல் என்னமோ மொனங்குனாரு, வாய்தா போட்டாச்சு. எம்மவ பேரக்கூட யாரும் சொல்லல."

சீரியல் நீதிபதி கனிவாகக் கேட்டார்: "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மா."

கோமதி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்: "அவ பேரு எழிலரசி, ஐயா. தோசையில ஓரத்தப் பிச்சுப் பிச்சுத்தான் மொதல்ல தின்பா..."

தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். விளம்பரம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.