வக்கீல் போட்ட சத்தம்

"அழுறதுக்குத்தான் வந்தியாம்மா? அதை வீட்டிலேயே முடிச்சிட்டு வந்திருக்கலாமே."

வக்கீல் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸின் கன்னத்தில் பொலபொலவென்று கண்ணீர் வழிந்தது.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவிக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. தங்களை நம்பி வருகிறவர்களிடம் வக்கீல்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்திருந்த தலைப்பு. 'பார்க்கலாம், எழுதலாம். நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது' என்று பேராசிரியர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வழக்கு ஒன்றும் பெரிய மர்மமில்லை. கணவனும் மனைவியும் பிரிந்தாயிற்று. ஆறு வயது மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதுதான் பாக்கி. அப்பன் விடமாட்டேன் என்கிறான். நர்ஸுக்கோ அந்தக் குழந்தைதான் உலகம்.

"வாரத்துல பாதி நாள் ராத்திரி டியூட்டி. பெத்த பிள்ளையைப் பூட்டி வெச்சிட்டுப் போறவளுக்குப் பிள்ளை எதுக்கு?"

"பூட்டிட்டெல்லாம் போகல சார். எங்க அக்கா... வந்து..."

"முணுமுணுக்காதே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"அக்கா வந்து... படுத்துக்குவா..."

"இதுவே தடுமாறுது. நீ எப்படித்தான் ஆஸ்பத்திரியில ஒரு உயிரைக் காப்பாத்துறியோ."

சொல்லிவிட்டு வக்கீல் விருட்டென்று எழுந்து பின் அறைக்குப் போய்விட்டார். திட்டிய களைப்பு போலிருக்கிறது, மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

'வக்கீலா இது, வில்லன்' என்று மாணவி மனசுக்குள் வைதாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும்தான். இப்படிப்பட்ட ஆள் ஆய்வுக்கு லேசில் கிடைப்பாரா?

மறுநாளும் இதே கூத்து. அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். இரண்டு நாளும் நர்ஸ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள். 'அழுதார்' என்று மாணவி எழுதிக்கொண்டாள். கீழே கோடும் போட்டாள்.

அன்றைக்கு மாடிப்படியில் அவளால் பொறுக்க முடியவில்லை. பேராசிரியர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு நர்ஸை வழிமறித்தாள்.

"அக்கா, இந்த ஆளை விட்டுடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீலம்மா இருக்காங்க. தங்கமானவங்க."

"வேணாம்மா. இவரே இருக்கட்டும்."

"இவ்வளவு பேச்சு வாங்குறீங்களே, உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"எனக்கு என் பொண்ணு வேணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸ் இறங்கிப் போனாள்.

விசாரணை நாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு நர்ஸ் ஏறி நின்ற சாட்சிக் கூண்டின் பக்கத்தில் வந்து நின்றார். எடுத்த எடுப்பிலேயே கர்ஜனை.

"ராத்திரி டியூட்டிக்குப் போறப்போ குழந்தையைப் பூட்டி வெச்சிட்டுத்தானே போறீங்க?"

மாணவி பேனாவைத் திறந்தாள். போச்சு, இப்போது அழப்போகிறாள்.

நர்ஸ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க. எங்க அக்கா வந்து கூடப் படுத்துக்குவாங்க. காலையில நான் வந்துதான் ஸ்கூலுக்குக் கொண்டு விடுவேன்."

அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தவில்லை. என்னென்னவோ குத்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் வந்தது. கடைசியில் நீதிபதியே, "ஏன் கத்துறீங்க? அவங்க மெதுவாத்தானே பேசுறாங்க?" என்றார்.

மாணவியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அத்தனையும் நம் ஆள் மூன்று நாளாகக் கேட்ட கேள்விகள்.

வெளியே வராந்தா பெஞ்சில் வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.

"ஒத்திகைதான்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் மாணவி.

"சொல்லிட்டா பயம் எப்படிப் போகும்? நிஜமாத் திட்டு வாங்கினாத்தான் போகும்."

"அவங்க உங்களை வெறுக்கிறாங்களே."

"வெறுக்கட்டும்மா. இன்னும் ஒரு தடவை கூண்டுல ஏறணும். தீர்ப்பு வந்ததும் நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடக் கூடாது."

சொல்லும்போது குரல் கம்மியது. எத்தனை நல்ல மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று மாணவி தன்னையே நொந்துகொண்டாள். தலையாட்டிவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் வாசலில் நர்ஸைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, வக்கீல் சார் மேல கோபப்படாதீங்க. அவர் உங்களை..."

"தெரியும்மா. மொத நாளே குடையை மறந்துட்டேன்னு திரும்பிப் போனேன். பின் ரூம்ல நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார்."

"அப்புறம் ஏன்க்கா அடுத்த ரெண்டு நாளும் அப்படி அழுதீங்க?"

வக்கீல் தூரத்தில்தான் இருக்கிறாரா என்று நர்ஸ் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் அவருக்குத் திட்டவே வராது. எனக்கோ இன்னும் கொஞ்சம் திட்டு தேவைப்பட்டுச்சு. கைக்குட்டைக்குள்ள நான் அழுதேன்னா நினைச்சே? பாவம், வராத கோபத்தை வரவழைக்க மனுஷன் படுற பாட்டைப் பார்த்தா, யாரால சிரிப்பை அடக்க முடியும்?"