ஒரு ரூபாய் கம்மி

வேலைகளைத் தினமும் விடிகாலையில் செல்போனில் ஏலம் விடுகிற காலம் அது, கண்ணுகளா. கூலியைக் குறைத்துக் கேட்பவருக்கே வேலை. எதிரில் கேட்பவர் பெயர் தெரியாது. திருப்பூர் சுடர்விழி அன்று ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டு, ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலையைப் பிடித்துவிட்டாள். துள்ளிக்கொண்டு போனாள்.

“பெரியவரே, கெளம்புங்க. உங்களைவிடக் கம்மிக்கு இந்தப் பொண்ணு வந்திருச்சு,” என்றார் கேன்டீன் மேஸ்திரி.

ஈரக் கையோடு திரும்பியவர் அவளுடைய அப்பா. கேன்டீனில் மேனேஜர் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“தெரிஞ்ச பொண்ணுங்களா?” என்றார் மேஸ்திரி.

“இல்லீங்க,” என்ற அப்பா, ஏப்ரனை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். “சோப்புத் தண்ணி கையத் தின்னுரும். பாத்துக்குங்க அம்மிணி.”

பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை.