விழிப்புச் சங்கிலி

"ரெண்டு நாள்! முழுசா ரெண்டு நாள் தூங்கியிருக்கீங்க, சிஸ்டர்!" என்றார் செயலாளர்.

ஆராதனை முடிந்து ஆலயத்தின் பின்னறையில் விசாரணை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் அறை என்பதால் நாற்காலிகள் எல்லாம் குட்டை. முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது எளிதல்ல. செயலாளர் எப்படியோ சமாளித்தார்.

எதிரே நர்ஸ். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள்.

சபையின் விழிப்புச் சங்கிலியில் இருபத்து நான்கு பேர். ஆளுக்கு ஒரு மணி நேர ஜெபம். முடித்ததும் வாட்ஸ்அப் குழுவில் 'விழித்திருக்கிறேன்' என்று போட வேண்டும். அதைத் தவிர ஒரு வார்த்தையும் போடக் கூடாது. இரண்டு முறை தவறினால் பெயர் நீக்கம்; மறு ஞாயிறு சபை முன் வாசிப்பார்கள். நர்ஸ் ஆறு வருடமாக ஒரு நாளும் தவறாதவள். அந்தப் பெயர்தான் இப்போது செயலாளரின் பேனா முனையில் இருந்தது.

"நேத்தும் இன்னைக்கும் காலையில அஞ்சு மணிக்கு உங்க பதிவு இல்ல. ஏன்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் அண்ணே. நம்ம ஜாமக்காரர் அண்ணன்..."

"உங்க தப்புக்கு அவரை எதுக்கு இழுக்கிறீங்க?" என்று சீறினாள் தையற்கடை அக்கா. அவளும் விசாரணைக் குழுவில் ஒருத்தி. படுக்கையிலிருந்தே தன் பதிவைப் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பவள் என்பது அவள் கணவருக்கு மட்டும் தெரியும்.

ஜாமக்காரர் என்பது சங்கிலியின் தலைவருக்குச் சபை வைத்த பெயர். தனியாக வாழ்கிறவர். இரவு பகல் பாராமல் மூன்று மணிக்கு ஒரு முறை அவருடைய 'விழித்திருக்கிறேன்' வந்து விழும். நொடி பிசகாது.

"இந்த வாரம் உபவாசத்துல உக்காந்துட்டார் போல. ஆராதனைக்குக்கூட வரல" என்றார் செயலாளர். "நேத்து நானே போய்க் கதவைத் தட்டினேன். உள்ள ஒரு சத்தம் இல்ல. ஜெபம்னா அது ஜெபம்!"

"அண்ணே, உங்களுக்கு ஒன்பது தடவை போன் பண்ணினேன்."

"ஜெப வாரத்துல நான் யார் போனையும் எடுக்கிறதில்ல."

"குழுவிலயும் எழுதினேனே."

"அது ரெண்டாவது குற்றம். பத்தி பத்தியா எழுதியிருந்தீங்க. படிக்காமலே அழிச்சுட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"கொஞ்சம் என்னைப் பேச விடுங்க..."

"பேசிப் பேசித்தான் பாதி உலகம் தூங்குது" என்றாள் அக்கா.

மணி பன்னிரண்டு. மூன்று கைபேசிகளும் ஒரே நேரத்தில் முனகின. செயலாளர் தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாருங்க. 'விழித்திருக்கிறேன்'. அறுபத்தெட்டு வயசு மனுஷன்! இவரைப் பார்த்தாவது உங்களுக்கு வெட்கம் வரலையா?"

செயலாளர் அளவுகோல் வைத்து அவள் பெயரை அடித்தார். கோடு லேசாகக் கோணியதுபோல் தோன்றவே, இன்னொரு முறை அடித்தார்.

"நீக்கப்படுறவங்க கடைசியா ஏதாவது சொல்லலாம்னு சட்டத்துல இருக்கு. சுருக்கமா சொல்லுங்க."

நர்ஸ் எழுந்தாள்.

"ஜாமக்காரர் அண்ணன் போன் எங்க வார்டு மேசை டிராயர்ல இருக்கு அண்ணே. அவர் எப்பவோ அந்த மெசேஜுக்கு நேரம் குறிச்சு வச்சுட்டார், அதுபாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு."

"அப்ப அவர்?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து கோமாவுல இருக்கார்."