பச்சைச் சொட்டு

"அத்தை, காருக்கு அடியில மறுபடியும் பச்சையா கூலண்ட் சொட்டி நிக்குது. பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுவோமே?" என்றாள் மருமகள்.

மாமியார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "என்னங்க, இன்னிக்கும் ஒழுகுது! உங்களை விட்டா யாருங்க இதைப் பார்க்கிறது?" என்று குரல் கொடுத்தாள்.

மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கச் சமையலறைக்குள் நுழைந்த மாமனார், அப்படியே வாசல் பக்கம் திரும்பினார். ரிட்டயரானதிலிருந்து ஸ்பேனரும் கையுமாகத் திரிகிற மனிதர். அவர் கைபட்ட ஃபேன் படுத்துவிட்டது. வாஷிங் மெஷின் துவைப்பதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்து, நடந்து நடந்தே உயிரை விட்டது.

மதியம்வரை காருக்கடியில் கிடந்தார். எழுந்து வரும்போது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் பல்.

"ரேடியேட்டர் குழாயில கிளிப் லூசு. முடுக்கிட்டேன். இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது!"

'போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க மாமா' என்று மருமகளுக்கு வாய்வரை வந்துவிட்டது. மாமியார் முந்திக்கொண்டாள்.

"மெக்கானிக்கெல்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும்!"

இப்படி ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டுத்தானே மனுஷரைக் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனார் குளிக்கப் போனார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், மாமியார் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

"எனக்கு இடுப்பு குனிய மாட்டேங்குது. அடுத்த வாரத்துலேர்ந்து அந்தக் கிளிப்பை நீ தளர்த்தி விட்டுடும்மா. இந்த வீட்டுல இன்னும் ஓடுறது மிக்ஸி ஒண்ணுதான்."